தெரிவுக்குழு கூடுவது சுன்னாகத்தில்

இலங்கை கிரிக்கெட் சபையின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். யாழ்ப்பாண அணியின் உண்மையான தெரிவுக்குழு கூடுகிற இடம் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள தேத்தண்ணிக் கடை. சம்பளம் இல்லை, கூட்டக் குறிப்பு இல்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொள்கிற வழக்கம் அறவே இல்லை. வெங்காய மூட்டை இறக்கிய கையோடு வருகிற அண்ணை தொடக்க ஆட்டக்காரர் இரண்டு பேரையும் முடிவுசெய்துவிட்டுத்தான் வடையைக் கையில் எடுப்பார். இளைப்பாறிய கணித வாத்தியார் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பதினொரு பெயரை எழுதுவார், வெட்டுவார், திரும்ப எழுதுவார். ரியூசனுக்குப் போகவேண்டிய பெடியள் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, ஐந்தாவது பந்துவீச்சாளர் யார் என்று கத்துவார்கள். நான் அவர்கள் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்துகிறவன். வெட்கமே இல்லை.

லங்கா பிரீமியர் லீக்கைப் பற்றித்தான் சொல்கிறேன். 2020 முதல் 2024 வரை ஐந்து பருவங்கள் நடந்தன. அதில் நான்கு கோப்பை எங்களுக்கு! திரும்ப ஒருமுறை வாசியுங்கோ, ஐந்தில் நான்கு! ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் 2020இல் ஒன்று, ஜஃப்னா கிங்ஸ் ஆன பிறகு 2021, 2022, 2024இல் மூன்று. 2023இல் மட்டும் கண்டிக்காரர் தூக்கிக்கொண்டு போனார்கள், அதைப் பற்றி எங்கள் கடையில் அதிகம் கதைப்பதில்லை.

முதல் கோப்பை வந்த 2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கோ. கொரோனாக் காலம். எல்லாப் போட்டியும் அம்பாந்தோட்டையில், ஒரு சனம் இல்லாத மைதானத்தில். கடையும் அரைக் கதவு சாத்தியிருந்தது, முகக்கவசத்துக்குள்ளேயே கத்தினோம். இறுதிப்போட்டியில் காலி அணிக்கு எதிராக 188 ஓட்டம், 53 ஓட்டத்தால் வெற்றி. அணித்தலைவர் திசர பெரேரா அன்றைக்கே எங்கட ஆள் ஆகிவிட்டார். யாழ்ப்பாணம் என்று நெஞ்சில் எழுதிய சட்டையோடு ஒரு சிங்களப் பெடியன் கோப்பையைத் தூக்குகிறான், சுன்னாகத்தில் ஒரு கிழவர் "எங்கட திசர, எங்கட திசர" என்று மேசையைத் தட்டுகிறார். கண் கலங்காமல் எப்படி இருக்கிறது, சொல்லுங்கோ!

கோப்பையை விட எனக்குப் போதை ஏற்றுவது வேறொன்று. யாரை எடுப்பது, யாரை விடுவது, யார் அடுத்தவன் என்கிற அந்த வாய்ச்சண்டை! 2023 ஜூனில் லீக்கின் முதல் வீரர் ஏலம் நடந்தபோது கடையில் இருந்த எல்லாருடைய கண்ணும் ஒரே ஒரு கைபேசியில். விலை ஏற ஏற எங்கள் கழுத்தும் நீண்டுகொண்டே போகிறது, பின்னால் நிற்கிறவனின் தேத்தண்ணி என் தோளில் ஊற்றுகிறது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டில்ஷான் மதுஷங்கவின் பெயர் வருகிறது, யாழ்ப்பாணம் கை தூக்குகிறது, இன்னொருவர் தூக்குகிறார், திரும்ப யாழ்ப்பாணம், திரும்ப அவர்கள், கடைசியில் 92,000 டொலர்! அந்த ஏலத்திலேயே ஆகக் கூடிய விலை!

"அண்ணை, தொண்ணூற்றிரண்டாயிரமோ? உந்தக் காசுக்கு ரெண்டு பேரை எடுத்திருக்கலாமே!" என்று ஒரு பெடியன் தலையில் கை வைக்கிறான். "உந்த வேகத்தில போடுற இடக்கைக்காரன் என்ன சந்தையில கூறு கட்டி விக்கிறவங்களே?" என்று வெங்காய அண்ணை பாய்கிறார். வாத்தியார் டொலரை ரூபாவாக்கிக் கணக்குப் பார்த்து "மூன்று கோடிக்குக் கிட்ட வருதடாப்பா" என்று வாயில் கை வைக்கிறார். பிறகு என்ன நடந்தது? சில மாதம்தான். இந்தியாவில் உலகக் கிண்ணம், அதே மதுஷங்க 9 போட்டியில் 21 விக்கெட்! இலங்கை அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, எங்கட வெங்காய அண்ணை மட்டும் கடை வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார், தானே கையெழுத்துப் போட்டு எடுத்த மாதிரி.

வனிந்து ஹசரங்க கதையைத் தொட்டால் இரவு விடிந்துவிடும். 2020 கோப்பையின் தொடர் நாயகன் அவர், எங்கள் சட்டையில். பிறகு கண்டிக்குப் போனார், 2023இல் கண்டிக்குக் கோப்பையும் எடுத்துக்கொடுத்தார். அமெரிக்காவில் பேஸ்போல் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பொஸ்டன் ரெட் சொக்ஸ் என்ற கழகம் பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை நியூயோர்க் யாங்கீஸிடம் விற்றுவிட்டு, அதற்குப் பிறகு 2004 வரைக்கும் பட்டம் காணாமல் கிடந்தது. அந்த ஊர் ரசிகர்கள் அதைச் சாபம் என்றே கதைத்தார்கள். கனடாவில் இருக்கிற என் மச்சான் இந்தக் கதையைத் தொலைபேசியில் சொல்லி, "எங்களுக்கும் உப்பிடித்தான் நடக்கப்போகுது பார்" என்று வெருட்டினான். எங்களுக்கு எந்தச் சாபமும் ஒட்டவில்லை ஐயா! ஹசரங்க இல்லாமல் 2022இல் வென்றோம், 2024இலும் வென்றோம். அது மட்டுமோ, 2023இல் தம்புள்ளை அணியில் நின்ற குசல் மெண்டிஸ் அடுத்த பருவத்தில் எங்கள் பக்கம் வந்தார், தம்புள்ளைக்குப் போயிருந்த அவிஷ்க பெர்னாண்டோ திரும்பி வந்தார். அவிஷ்க என்றால் சும்மா ஆளில்லை. 2021 இறுதிப்போட்டியில் 63, 2022 இறுதிப்போட்டியில் 50. இறுதிப்போட்டி என்றால் அந்த மனுசனின் மட்டைக்கு ஒரு தனிக் குணம் வருகிறது. அவர் திரும்பி வருகிறார் என்ற செய்தி வந்த அன்றைக்கு நான் கடையில் இருந்த எல்லாருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் ஏச்சு விழுந்தது. விழட்டும்!

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். எழுத எழுதக் கை நடுங்குகிறது, உண்மையாகத்தான் சொல்கிறேன். விஜயகாந்த் வியாஸ்காந்த்! யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பெடியன், லெக் ஸ்பின்னர். 2020 டிசம்பர் 4, கொழும்பு கிங்ஸுக்கு எதிரான போட்டி, அவனுக்கு மறுநாள்தான் 19ஆவது பிறந்தநாள். கற்பனை செய்யுங்கோ: மெல்லிய உடம்பு, பந்தைக் கையில் உருட்டுகிறான், முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை, எங்களுக்குத்தான் வயிறு கலக்குகிறது, எதிரில் நிற்பது யார், அஞ்சலோ மத்தியூஸ், இலங்கை அணியின் முன்னாள் தலைவர், நூற்றுக்கணக்கான சர்வதேசப் போட்டி கண்ட ஆள், அவர் ஆட்டமிழக்கிறார், எங்கட பெடியனின் முதல் விக்கெட் மத்தியூஸ்! கடையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பரி யோவான் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் இருந்தார், 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமரில் மத்திய கல்லூரிக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்துகிற பரம்பரை, அவரே எழும்பி நின்று கைதட்டினார். அந்தப் போட்டியில் யாழ்ப்பாணம் தோற்றது என்பதை அடுத்த நாள் பேப்பரில்தான் ஒழுங்காக வாசித்தேன்!

அங்கேயே நின்றுவிட்டானா? 2024 மே 8, ஹைதராபாத். காயத்தால் ஐபிஎல்லுக்கு வராமல்போன ஒருவரின் இடத்துக்கு அவனைக் கூப்பிட்டது சன்ரைசர்ஸ் அணி. அந்த ஒருவர் யார் தெரியுமோ? ஹசரங்க! எங்கள் அணியில் எந்த அண்ணனைப் பார்த்துப் பந்து சுழற்றக் கற்றானோ, அந்த அண்ணனின் இடம்! யாழ்ப்பாணத்தில் இருந்து ஐபிஎல் ஆடிய முதல் ஆள். லக்னோவுக்கு எதிராக 4 ஓவரில் 27 ஓட்டம் மட்டும் கொடுத்தான், விக்கெட் இல்லை. விக்கெட் இல்லாவிட்டால் என்ன, துடுப்பாட்டக்காரரின் சொர்க்கமான அந்தக் காலத்து ஐபிஎல்லில் நாலு ஓவருக்கு 27 என்றால் அதற்கே பொங்கல் வைக்கலாம்! அன்று சன்ரைசர்ஸ் 166 என்ற இலக்கை 9.4 ஓவரில் விக்கெட் இழக்காமல் அடித்து முடித்தது. அந்த அடி அடித்த டிராவிஸ் ஹெட்டைப் பற்றி உலகம் முழுக்கக் கதைத்தது. சுன்னாகத்தில் ஹெட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அந்த மூன்றாவது பந்து, கண்டனியோ? கூக்ளி!" இதுதான் நடுச்சாமம் வரைக்கும் கதை.

2024 ஜூலைக்கு வாருங்கோ, இருந்து வாசியுங்கோ, நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். இறுதிப்போட்டிக்குப் போக ஒரே வழி, கண்டியை வெல்லவேண்டும். எதிரணித் தலைவர் வேறு யார், ஹசரங்கவேதான்! குசல் மெண்டிஸ் ஒரு சதம் அடித்து வைத்தார், அவர்கள் துரத்தித் துரத்திக் கடைசிப் பந்து வரைக்கும் வந்தார்கள், நாங்கள் வென்றது 1 ஓட்டத்தால், ஒரே ஒரு ஓட்டத்தால்! என் கைபேசியில் மின்கலம் சாகக் கிடந்தது, செருகியைத் தேடி எழும்பினால் ராசி மாறிவிடும் என்று அசையாமல் இருந்தேன், பக்கத்தில் இருந்தவனையும் சிறுநீர் கழிக்க எழும்பவிடவில்லை, பாவம். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 21, பிரேமதாச மைதானம், காலி மார்வெல்ஸ். பானுக ராஜபக்ச 34 பந்தில் 82 விளாசித் தள்ளுகிறார், அவர்களுக்கு 184, கடை முழுக்கச் செத்த வீடு மாதிரி. நாங்கள் ஆடத் தொடங்குகிறோம், பத்தும் நிஸ்ஸங்க ஓட்டமே எடுக்காமல் போகிறார், வாத்தியார் பற்றுச்சீட்டைக் கசக்கி எறிகிறார், "நான் அப்பவே சொன்னன், ரூசோவுக்கு வயசு போட்டுது, வேற வெளிநாட்டுக்காரனை எடுத்திருக்கவேணும்" என்று யாரோ முனகுகிறார், அந்த ரைலி ரூசோ வந்து நின்று முதல் அடி அடிக்கிறார், மட்டையில் பட்ட சத்தம் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே 'டக்' என்று நெஞ்சில் விழுகிறது, இன்னொன்று, இன்னொன்று, மறுபக்கம் மெண்டிஸ், இவர் அடிக்க அவர், அவர் அடிக்க இவர், பந்து விளக்கு வெளிச்சத்துக்குள் போய் மறைகிறது, எரிந்த எண்ணெய் வாசத்துக்கும் புழுக்கத்துக்கும் நடுவில் நாங்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு கத்துகிறோம், காங்கேசன்துறை வீதியில் போகிற ஓட்டோக்காரர் நிற்பாட்டி "எவ்வளவு, எவ்வளவு?" என்று கேட்கிறார், கேட்டவர் போகவில்லை, சவாரி வந்த அம்மாவும் இறங்கி எட்டிப் பார்க்கிறார், ரூசோ 53 பந்தில் 106, மெண்டிஸ் 40 பந்தில் 72, இரண்டு பேரும் கடைசிவரை பிரியவே இல்லை, 15.4 ஓவர், 9 விக்கெட், முடிந்தது கதை, நாலாவது கோப்பை! முனகினவர் எங்கே? மேசைக்கு மேலே நின்று ஆடிக்கொண்டிருக்கிறார்!

குறை இல்லையோ என்று கேட்பீர்கள். சின்னதாய் ஒன்றிரண்டு இருக்கிறது. நாலு கோப்பை வென்ற அணி யாழ்ப்பாண மண்ணில் ஒரு போட்டியும் ஆடவில்லை. பதினொருவரில் எங்கள் வடக்குப் பெடியளின் தலை ஒன்றிரண்டுக்கு மேல் தெரிவதும் அருமை. 2025இல் பழைய உரிமையாளர்களோடான ஒப்பந்தத்தைக் கிரிக்கெட் சபை முடித்துக்கொண்டது, அந்த ஆண்டு போட்டியும் தள்ளிப்போனது. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினாரே, அதைக் கணக்கில் எடுக்கமாட்டீர்களோ! அணியே இல்லாத அந்த ஆண்டிலும் எங்கள் கடையில் அணித்தெரிவு நிற்கவில்லை. இல்லாத அணிக்கு இருக்கிற ஆட்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தோம். மகாஜனா, ஸ்கந்தா பள்ளிக்கூடங்களுக்கு நடுவே மேட்ச் நடந்தால் ஒரு கூட்டம் போகும். "இடக்கைப் பெடியன் ஒருத்தன் நிக்கிறான், பந்து உள்ளுக்கு வருது, எழுதி வையுங்கோ" என்று மூச்சு வாங்க ஓடிவந்து சொல்லும். வாத்தியார் எழுதி வைப்பார். முன்பு நாங்கள் யாரோ ஒருவரின் அணியைத் தூரத்தில் இருந்து பார்த்த சனம். இப்போது ஸ்கந்தாவில் ஆடுகிற ஒரு பெடியனை ஏலப் பட்டியலில் வைத்துக் கற்பனை செய்யத் துணிந்துவிட்டோம். வியாஸ்காந்த் திறந்துவிட்ட கதவு அது. மத்தியூஸின் விக்கெட்டை விடப் பெரிய காரியம் அது என்பேன்.

ஆகவே அடுத்து இந்த அணியை வாங்கப்போகிற புண்ணியவான் யாராக இருந்தாலும் கேளுங்கோ. தக்கவைக்கும் பட்டியலில் முதல் பெயராக வியாஸ்காந்தை எழுதுங்கோ. அவனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வடக்குப் பெடியளை எழுதுங்கோ, பெஞ்சில் இருத்த அல்ல, ஆடவிட. மண்டைதீவு தயாரானதும் முதல் போட்டியை அங்கே வையுங்கோ. மற்ற எட்டுப் பேரையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வாசிக்கிற உங்களுக்கும் ஒரு சொல்: ஏலம் நடக்கிற அன்றைக்குச் சுன்னாகம் வாருங்கோ, உங்கட பதினொருவரை எழுதிக்கொண்டே வாருங்கோ. ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டோம். தேத்தண்ணி மட்டும் எங்கட செலவு.