'ம்' கொட்டியவர்கள்

திமிரியில் பேருந்து ஏறி வேலூர்ப் பழைய நிலையத்தில் இறங்கினால் எதிரே கோட்டை. இலங்கையின் துயரம் எதுவானாலும் அதில் ஒரு துண்டு இங்கே வந்து விழும். கண்டியின் கடைசி அரசனை 1816இல் கொண்டுவந்து அடைத்தது இங்கேதான். திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பியதும் இங்கிருந்துதான்.

அந்தத் துயரத்திலிருந்து வந்த நாவல்களையும் பின்நவீனத்துவம் என்கிறோம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் விமர்சகர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போய்விடுவார்கள். 1945 பிப்ரவரியில் அந்நகரம் எரிந்தபோது, போர்க்கைதியாக இருந்த அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் கசாப்புக்கூடத்து நிலவறையில் கிடந்து பிழைத்தார். அதை நாவலாக்க 1969 ஆகிவிட்டது. வந்தபோதும் காலம் முன்னும் பின்னும் சிதறித்தான் வந்தது. தோல் பதனிடும் வட்டாரத்துக்காரனான எனக்குக் கசாப்புக்கூடம் தொழிலின் முதல் படி. அங்கே மனிதன் உயிர்தப்பிய அபத்தம் புரிய எனக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் கோட்பாடுதான் முந்திக்கொண்டது. விமர்சகர் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் 1982இல் வந்தது. அவருடைய நாவல் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985இல். தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' இதழின் விவாதங்கள் சூடு பறந்தன. வளமான காலம், மறுக்கவில்லை. ஆனால் அன்றைய சோதனைக் கதைகள் பலவற்றில் உடைப்பது என்று முதலில் முடிவாகி, எதை உடைப்பது என்று பிறகு தேடினார்கள்.

ஈழ எழுத்தாளர் ஷோபாசக்திக்கு அந்தத் தேடல் இல்லை. சிறுவயதில் புலிகள் இயக்கத்துக்குப் போய், விலகி, பிரான்சில் தஞ்சம் கேட்டவர். அவருடைய 'கொரில்லா' நாவல் (2001) அகதி விண்ணப்பத்தில் தொடங்குகிறது. தஞ்சம் தரும் அதிகாரிக்குக் கதை நேர்கோட்டில் வேண்டும்: எந்தத் தேதி, எந்த முகாம், அடித்தது யார். ஒரு தேதி பிசகினால் ஆளே பொய்யன். வதைபட்டவனின் நினைவோ அப்படி வரிசையில் நிற்காது. நாவல் அந்த மனுவை வாங்கிக்கொண்டு, அதற்குள் அடங்காததையெல்லாம் சொல்லத் தொடங்குகிறது. அடிக்குறிப்புகள் கூடவே ஓடுகின்றன. இராணுவத்துக்கு ஒரு வரலாறு, இயக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு என்றிருந்த மண்ணில் எல்லாம் அறிந்த கதைசொல்லியை யார் நம்புவார்? மெய்யும் புனைவும் அங்கே கலந்ததை விளையாட்டு என்று நாம் எழுதியது நம் சோம்பல்.

அடுத்து வந்த 'ம்' (2004) இன்னும் கடுமையானது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இருமுறை நடந்த தாக்குதலில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதில் தப்பிய ஒருவனை நாவல் தியாகியாக்கவில்லை. ஐரோப்பாவில், சொந்த மகள் விஷயத்தில் குற்றவாளியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தலைப்பின் ஒற்றை எழுத்து, கதை கேட்பவர் கொட்டுகிற 'ம்' என்றே எனக்குக் கேட்கிறது.

1995இல் திமிரி டீக்கடையில் ஒருவர் அந்தச் சுரங்கச் செய்தியை உரக்க வாசித்தார். பெஞ்சில் இருந்த நாங்கள் கொட்டியதும் அதே 'ம்' தான்.