உயிரியல் பாடத்தின் தலைவாசல்

லாயாங் லாயாங் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வில் தேறி, மருத்துவமோ மருந்தியலோ வேளாண்மையோ கற்க விரும்பினால், பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே நாட வேண்டியிருக்கிறது. ஆறாம் படிவத்தில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதுவது ஒன்று. தங்காக்கிலுள்ள ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி போன்றதொரு கல்லூரியில் இடம் பெறுவது மற்றொன்று. எந்த வழியில் சென்றாலும் உயிரியல் என்னும் தலைவாசலைக் கடந்தே ஆக வேண்டும். இடம் கிடைத்ததா என்று கேட்கும் பெற்றோர் பலர். உள்ளே போன பிள்ளை எதை எதிர்கொள்கிறது என்று கேட்பவர் சிலரே. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியலில் நன்கு தேறிய மாணவி, ஆறாம் படிவத்தின் முதல் தவணையிலேயே மனம் தளர்ந்து வேறு துறைக்கு மாற நினைப்பாளாயின், குறை முழுவதையும் அவள்மீதே சுமத்திவிடுவது எளிது. பாடத்தின் அமைப்பையும் சற்று ஆராய்வதே முறை.

எஸ்.டி.பி.எம். உயிரியலுக்கு 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பெல்லாம், கற்றது முழுவதையும் படிப்பின் இறுதியில் ஒரே மூச்சில் தேர்வு மண்டபத்தில் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. புதிய திட்டம் படிப்பை மூன்று தவணைகளாகப் பகுத்து, தவணைக்கு ஒரு தாள் என்று அமைத்தது. தாள்கள் மூன்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு 80 பங்கு மதிப்பெண்; பள்ளியிலேயே மதிப்பிடப்பெறும் செய்முறைப் பயிற்சிக்கு எஞ்சிய 20 பங்கு. ஒரு தவணையில் சறுக்கியவர் அத்தாளை மீண்டும் எழுதிப் பார்க்கவும் இடமளிக்கப்பட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஒரு நாள் காய்ச்சலால் ஒன்றரை ஆண்டு உழைப்பு வீணாகும் கொடுமை இதனால் பெரிதும் நீங்கியது.

குறை விதிகளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதல் தவணை முழுவதும் உயிர் மூலக்கூறுகளுக்கும் வளர்சிதை மாற்றத்துக்கும் உரியது. நீர், மாவுப்பொருள், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று தொடங்கி, உயிரணுவின் உள்ளுறுப்புகள், சவ்வு, நொதி, உயிரணுச் சுவாசம், ஒளிச்சேர்க்கை என்று அது செல்கிறது. இரண்டாம் தவணை உடலியங்கியல். உயிரினங்களின் பாகுபாடு, சூழலியல், மரபியல் ஆகியவை மூன்றாம் தவணையில்தான் வருகின்றன. மெட்ரிகுலேஷன் கல்லூரியின் ஓராண்டுப் படிப்பும் மூலக்கூறுகளில்தான் தொடங்குகிறது. ஆக, உயிரியல் வகுப்புக்கு வந்த மாணவன், கண்ணால் கண்டு கையால் தொட்ட ஓர் உயிரைப் பாடமாகச் சந்திப்பதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவன் படிப்பது ஏறக்குறைய வேதியியலே.

எளியதிலிருந்து அரியதற்குச் செல்வது இயல்பான முறைதானே என்று கேட்பார் உளர். இக்கேள்விக்கு விடை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. தொடக்கநிலை உயிரியலைச் செய்முறையோடு கூடிய ஒரு தனிப் பாடமாக அமைத்தவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1870களின் தொடக்கத்தில் இலண்டனில் அவர் கோடை வகுப்புகள் நடத்தினார். வந்தவர்கள் மருத்துவ மாணவரல்லர். அறிவியல் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்கள். காலையில் விரிவுரை, அது முடிந்ததும் அவ்விரிவுரையில் கேட்ட உயிரைத் தாமே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தல், அறுத்தல், வரைதல். ஆசிரியப் பயிற்சி என்பது குறிப்பேட்டை நிரப்புவதன்று என்று அவர் அன்றே செய்து காட்டினார். அவ்வனுபவத்தைக் கொண்டு தம் மாணாக்கரான மார்ட்டினுடன் சேர்ந்து 1875இல் ஒரு செய்முறை நூலை வெளியிட்டார். அந்நூல் ஈஸ்ட்டில் தொடங்கி, அமீபா, காளான், பெரணி, அவரைச்செடி, ஹைட்ரா, நன்னீர்ச் சிப்பி, நண்டினத்து உயிர்கள் எனப் படிப்படியாக ஏறித் தவளையில் முடிந்தது. எளியதிலிருந்து அரியதற்கு! தருக்க முறைப்படி அதில் குற்றம் காண முடியாது.

ஆனால் 1888இல் அந்நூலின் திருத்திய பதிப்பு வந்தபோது வரிசை தலைகீழாயிற்று. தவளை முதலில் வந்தது. நுண்ணுயிர்கள் பின்னுக்குச் சென்றன. வகுப்பறை அனுபவமே ஹக்ஸ்லியை இந்த மாற்றத்துக்கு இணங்க வைத்தது. தவளைக்குத் தலையும் காலும் வயிறும் உண்டு. மாணவனுக்கும் அவை உண்டு. ஆதலின் அவன் தன் உடலை வைத்துத் தவளையை அறிகிறான். ஈஸ்ட்டை எதை வைத்து அறிவான்? உயிர்களின் வரிசையில் எளியது வேறு, கற்பவனுக்கு எளியது வேறு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் மாதத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். பாடத்தை ஆக்கியவரே தம் வரிசையைத் திருத்திக்கொண்டார். இன்றைய பாடத்திட்டமோ ஈஸ்ட்டுக்கும் கீழே இறங்கி, நீர் மூலக்கூறிலிருந்து தொடங்குகிறது.

அவ்வாறாயின் மீண்டும் தவளையை அறுக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதற்கே தடை விதித்துவிட்டது. லாயாங் லாயாங் மாணவனுக்குத் தவளையைவிட நெருங்கிய ஓர் உயிர் இருக்கிறது. அது வீட்டு வாசலிலேயே நிற்கும் செம்பனை.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் தோன்றுகின்றன. மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்க்கிறது என்று இங்கு நெடுங்காலம் நம்பினர். காய்ப்புப் போதாமையால் மகரந்தத்தைச் சேகரித்து, முகப்பூச்சுத் தூள் போன்றதொரு தூளோடு கலந்து, மரம் மரமாகச் சென்று பெண் பூக்களின்மேல் ஊதும் வேலைக்குத் தோட்டத் தொழிலாளர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். பின்னர் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, அங்கே இவ்வேலையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று கண்டறிந்தார். அது வேறு பயிர்களைக் கெடுக்குமா என்று சோதித்த பிறகு, 1981இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டனர். முதலில் விடப்பட்ட இடம் எது? லாயாங் லாயாங் அமைந்துள்ள அதே குளுவாங் மாவட்டத்தின் மாமோர் தோட்டம்! காய்ப்புப் பெருகியது, கையால் மகரந்தம் ஊதும் வேலை மறைந்தது.

அவ்வண்டு செம்பனைக்குத் தொண்டு செய்ய வந்ததன்று. ஆண் பூ சோம்பு மணம் போன்றதொரு வாசனையை வீசுகிறது. வண்டு அதில் உண்டு, வாடிய ஆண் பூவிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண் பூவும் அதே மணத்தைச் சிறிது காலம் வீச, அங்கும் உணவுண்டு என்று எண்ணி ஏமாந்து போய் மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வருகிறது. சூழலியல், பூவின் அமைப்பு, இனப்பெருக்கம், உயிர்களுக்கிடையே உள்ள உறவு, அயல்நாட்டு உயிரை நாட்டுக்குள் விடுவதிலுள்ள அபாயம் ஆகிய அனைத்தும் இந்த ஒரு கதையில் அடங்கிவிடுகின்றன. பாட்டியின் வேலையைப் பறித்த வண்டு என்றும் ஒருவர் சொல்லலாம். அதுவும் வகுப்பில் பேசத்தக்கதே.

மரபியலுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் தடித்த ஓடுள்ளது டூரா, ஓடற்றது பிசிபெரா, இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உள்ள தெனெரா. இன்று தோட்டங்களில் எண்ணெய்க்காக வளர்ப்பது இந்தத் தெனெராவையே. ஓட்டின் தடிப்பை ஒரே ஒரு மரபுக் காரணி ஆள்கிறது என்பதை 1941இல் பெல்ஜியக் காங்கோவில் பேர்னார்ட், வாண்டர்வேயன் என்னும் இருவர் நிறுவினர். தெனெராவைத் தெனெராவோடு சேர்த்தால் டூரா ஒரு பங்கு, தெனெரா இரு பங்கு, பிசிபெரா ஒரு பங்கு. மெண்டலின் பட்டாணிச் செடியை ஒருமுறையேனும் காணாத மாணவன், குலை குலையாகக் கண்ட பழத்தைக் கொண்டு அவ்விதியைக் கற்கலாம்.

இக்கால உயிரியல் மூலக்கூறுகளின்மேல் நிற்பது. அதனைப் பின்னுக்குத் தள்ளினால் மாணவர் பல்கலைக்கழகத்தில் இடர்ப்படுவர் என்று விரிவுரையாளர்கள் கூறக்கூடும். அக்கூற்றில் உண்மை உண்டு, நொதியும் டி.என்.ஏ.யும் அறியாமல் இன்று மருத்துவம் கற்க இயலாது. ஆயினும் அவற்றைக் கற்பதா வேண்டாவா என்பதன்று கேள்வி. எப்போது கற்பது என்பதே. மேற்சொன்ன ஓட்டின் வரலாற்றையே பாருங்கள். காங்கோவில் விதி நிறுவப்பட்டபோது டி.என்.ஏ.யின் வடிவம் எவருக்கும் தெரியாது. அது 1953இல்தான் வெளிப்பட்டது. அந்த ஓட்டுக்குக் காரணமான மரபணுவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிவியலாளர் வெளிநாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து கண்டறிந்து வெளியிட்டது 2013இல். பழத்தில் தொடங்கிய அறிவு மூலக்கூறை அடைய 72 ஆண்டுகள் ஆயின. மாணவன் அதே வழியை ஒரு தவணையில் நடந்துவிடலாம். மூலக்கூறை அடையும்போது, அது எதற்கு விடை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி, எழுதப்படாத ஓர் எதிர்பார்ப்பைப் பற்றி. வருகை, செய்முறைக் குறிப்பேடு, தேர்வு பற்றியெல்லாம் மாணவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றனர். மொழிச் சுமையைப் பற்றி எவரும் சொல்வதில்லை. பூவில் நிகழும் ஒரே செயல் தமிழில் மகரந்தச் சேர்க்கை, மலாயில் பெண்டெபுங்காஆன், ஆங்கிலத்தில் பாலினேஷன். தமிழ்ப்பள்ளியில் ஒன்று, இடைநிலைப்பள்ளியில் ஒன்று, மெட்ரிகுலேஷன் கல்லூரியில் ஒன்று என மூன்று முறை தோட்டப் பிள்ளை பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் தவணையில் மூலக்கூறுகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழும்போது, அவன் தடுமாறுவது பொருளிலா சொல்லிலா என்பது ஆசிரியருக்கே விளங்குவதில்லை.

இதற்கு மருந்தாக 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை, முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், ஆறாம் படிவக் கீழ்வகுப்பு ஆகிய மூன்றிலும் ஒரே வேளையில் புகுத்தப்பெற்றது. 2009இல் அதனைக் கைவிட முடிவு செய்து, 2012 முதல் படிப்படியாக விலக்கினர். 2016இல் இருமொழித் திட்டம் என்று வேறொரு வடிவம் வந்தது. ஆங்கிலம் வேண்டும் என்னும் பெற்றோரின் ஆவலைப் பழிப்பதற்கில்லை. எனினும் ஏழு வயதுக் குழந்தை தன் தாய்மொழியில் இலையை அறிவதைத் தடுத்துத்தான் பதினெட்டு வயதில் ஆங்கில உயிரியலைக் கற்பிக்க முடியும் என்பது ஏற்கத்தக்க வாதமன்று. ஒளிச்சேர்க்கை என்னும் சொல் ஒளியையும் சேர்க்கையையும் தானே சொல்லிவிடுகிறது. கிரேக்கம் அறியாதவனுக்கு ஃபோட்டோசிந்தெசிஸ் அவ்வுதவியைச் செய்வதில்லை. தமிழ்ச்சொல்லில் பொருளைப் பெற்றவன் பிறமொழிச் சொல்லைப் பெயராக ஏற்றுக்கொள்வது எளிது.

இச்சிக்கலைத் தமிழர் முன்பே ஒருமுறை கண்டிருக்கின்றனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகலக் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்காக உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அவரிடம் தமிழில் பயின்று மருத்துவரானோர் 30 பேருக்கு மேல். இன்று ஆறாம் படிவத்தைத் தமிழில் நடத்துக என்று கேட்பார் இல்லை. கிறீன் பட்ட பாட்டில் ஒரு சிறு பங்கையாவது பட்டு, மூன்று மொழிச் சொற்களையும் அருகருகே அமைத்த ஒரு சிற்றகராதியை முதல் நாளிலேயே மாணவர் கையில் கொடுப்பது ஆகாத காரியமன்று.

செய்முறைக்கு ஒதுக்கிய 20 பங்கிலும் ஒரு சொல். விடை முன்பே தெரிந்த சோதனையைச் செய்து, எதிர்பார்த்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பக்கத்திலுள்ளவனின் ஏட்டைப் பார்த்து எழுதினாலும் அதே எண்தான் வரும். ஒரு செம்பனைக் குலையைப் பிரித்து, முதிர்ந்த காய் எத்தனை, கருவுறாத பிஞ்சு எத்தனை என்று எண்ணச் சொன்னால் இருவருக்கு ஒரே எண் வராது. மழைக்காலத்துக் குலைக்கும் வெயில்காலத்துக் குலைக்கும், இளமரத்துக்கும் முதுமரத்துக்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டால், ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் தவணையிலுள்ள சூழலியலையும் மரபியலின் முற்பகுதியையும் முதலுக்குக் கொண்டுவந்து, மூலக்கூறுகளை அடுத்து வைக்கப் புதிய நூல் தேவையில்லை. அதிகாரங்களை இடம் மாற்றினால் போதும். அதைச் செய்ய வேண்டியது தேர்வு வாரியம். அதுவரை காத்திராமல் ஆசிரியர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. முதல் வாரத்து வகுப்பில் நீர் மூலக்கூறின் படத்தைக் கரும்பலகையில் வரைவதற்கு முன், மேசைமேல் நான்கு செம்பனைப் பழங்களையும் ஒரு கத்தியையும் வைத்து, ஓட்டின் தடிப்பை அளக்கச் சொல்லலாம். பழத்தைத் தோட்டப் பிள்ளைகளே கொண்டுவந்துவிடுவார்கள்.