நிறம் சொல்லும் நர்ஸ், மருந்து எழுதும் டாக்டர்

காட்டுப்பள்ளித் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று நீளும் இந்த வட்டாரத்தில் விபத்து எப்போதாவது வரும் செய்தி அல்ல. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். காயம்பட்டவர்களை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இப்படி வருகிறவர்களை வாசலில் முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான்.

டி.ஏ.இ.ஐ. என்ற தமிழக அரசின் அவசர சிகிச்சைத் திட்டம் அந்த நர்ஸின் கையில் ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்தது. வந்த வரிசையைப் பார்க்காமல் உயிருக்கு உள்ள ஆபத்தைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்க வேண்டும். பழைய கேசுவால்டியில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் என்ட்ரி எழுதி முடிக்கும்வரை ட்ராலி காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இந்தத் திட்டத்தின் மிக நல்ல பகுதி இதுதான் என்பேன்.

ஆனால் நிறம் சொன்ன பிறகு நர்ஸின் குரலுக்கு என்ன மதிப்பு? சாரத்திலிருந்து விழுந்த இளைஞர் ஒருவர் நடந்தே உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ரத்தம் இல்லை, பி.பி. சரியாக இருக்கிறது. நாடி மட்டும் 130. உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கிறது. இளம் உடம்பில் பி.பி. வெகுநேரம் தாக்குப்பிடிக்கும், நாடிதான் முதலில் ஓடும். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று நர்ஸ் சிவப்பு சொல்கிறார். ‘நடந்துதானே வந்தார்’ என்று பயிற்சி டாக்டர் மஞ்சளுக்கு மாற்றினால், அதை மறுத்துப் பேசவோ மூத்த டாக்டரை நேரே அழைக்கவோ நர்ஸுக்கு வழி இருக்க வேண்டும். எழுத்தில் இருந்தாலும் வழக்கத்தில் அது அரிது. கூட வந்த சூப்பர்வைசர் ‘வழுக்கி விழுந்துட்டார் டாக்டர்’ என்று முடித்துவிடலாம். எத்தனை மாடி உயரம் என்று தமிழ் தெரியாத சக தொழிலாளியிடம் சைகையில் கேட்டு அறிந்தவர் நர்ஸாக இருக்கலாம். அந்தத் தகவல் டாக்டர் காதுக்குப் போகாவிட்டால் சிகிச்சையே திசைமாறும்.

டாக்டரின் தலைமையைக் குறைக்கச் சொல்லவில்லை. சிவப்புப் பகுதியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் கட்டளையிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார். கட்டளையிடும் குரல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நல்ல குழுவில் அந்த ஒற்றைக் குரலுக்குப் பதில் குரலும் உண்டு. ‘ட்ரானெக்சா ஒரு கிராம்’ என்கிறார் டாக்டர். ‘ட்ரானெக்சா ஒரு கிராம், பத்து நிமிஷத்துல’ என்று திருப்பிச் சொல்லி, ஏற்றியதும் நேரத்தையும் உரக்கச் சொல்கிறார் நர்ஸ். ரத்தக்கசிவைக் குறைக்கும் அந்த மருந்து, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பலன் தரும். வாய்மொழி உத்தரவு உடனே கேஸ் ஷீட்டில் ஏறாவிட்டால், நாளை கேள்வி வரும்போது தனியாக நிற்பவர் நர்ஸ்தான்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. பயிற்சி டாக்டர்கள் சில வாரங்களில் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். ஷிஃப்ட் மாறும் நேரமும் இரு தரப்புக்கும் ஒன்றல்ல. எனவே நர்ஸ் நர்ஸிடமும் டாக்டர் டாக்டரிடமும் தனித்தனியாகப் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். ஒரே படுக்கையருகே நர்ஸும் டாக்டரும் சேர்ந்து நின்று ஒப்படைக்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப் புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம், ஆள் வேண்டும், அதுவும் வேலை நிலைத்த ஆள். தொகுப்பூதிய நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். என்ற மருத்துவ இயக்குநரக வளாகத்தில் திரண்டு போராடினார்கள். நாளை வேலை இருக்குமா என்ற கவலையோடு நிற்பவரிடம் ‘டாக்டர் தவறினால் தைரியமாகச் சொல்லுங்கள்’ என்று பயிற்சி வகுப்பில் மட்டும் சொல்லிவிட முடியாது.