தண்டிக்கும் உரிமை: பார்வையாளரைத் தாக்கும் ஆட்டக்காரர் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோர் தம்மைக் காணவந்த பார்வையாளர்மீது கைவைப்பின் அவர்களை எவ்வாறு தண்டித்தல் வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, விடை வெளிப்படையான ஒன்றாகவே தோன்றும். அடித்தவர் தண்டிக்கப்பட வேண்டியவர். இதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயின், யார் தண்டிப்பது, எந்த அளவுகோல்கொண்டு தண்டிப்பது, யாருடைய நலனின்பொருட்டுத் தண்டிப்பது என்று அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கியதும் விடையின் எளிமை கலைந்துவிடுகிறது. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் தண்டனையின் கடுமையைப் பற்றியே பேசுகின்றன. அது போதுமா, மிகையா என்பதோடு அவற்றின் விசாரணை முடிந்துவிடுகிறது. தண்டிக்கும் உரிமையின் அடிப்படை யாது என்பதை அவை கேட்பதில்லை. அக்கேள்வியைச் சில வரலாற்று நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தேடி நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. திருக்குறளின் வெருவந்தசெய்யாமை என்னும் அதிகாரம், தண்டனையை மூன்று நிபந்தனைகளுக்கு உட்படுத்தியே தொடங்குகிறது. குற்றம் தக்கவாறு ஆராயப்படவேண்டும். அது மீண்டும் நிகழாமையே தண்டனையின் நோக்கமாதல் வேண்டும். தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். மன்னனுக்குக் கூறப்பட்ட இந்நீதி, தன் எல்லைக்குள் மன்னனைப்போல் அதிகாரஞ் செலுத்தும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். இன்றைய விளையாட்டு நிறுவனங்கள் அத்தகையனவே.

முதலில் 1912ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரரான ரை கொப், அவ்வாண்டு மே 15இல் நியூயோர்க்கில் நடைபெற்ற ஆட்டத்தின்போது, தம்மை இடைவிடாது ஏசிய ஒருவரை நோக்கிப் பார்வையாளர் பகுதிக்குட் பாய்ந்து அவரை அடித்து உதைத்தார். அடிபட்டவர் விபத்தொன்றில் ஒரு கையையும் மறுகையின் சில விரல்களையும் இழந்தவர். லீக்கின் தலைவரான பான் ஜோன்சன், கொப்பைக் காலவரையறையின்றி இடைநிறுத்தினார். விசாரணையின்றி வழங்கப்பட்ட தண்டனை இதுவெனக் கூறி, அவரது டெற்றோயிற் அணியினர் மே 18இல் ஆட மறுத்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அவசரமாகத் திரட்டப்பட்ட ஆட்களைக் களமிறக்கிய டெற்றோயிற் கழகம் 24க்கு 2 என்ற கணக்கிற் படுதோல்வி கண்டது. ஈற்றில் கொப்பின் தண்டனை பத்து நாள் இடைநிறுத்தமும் ஐம்பது டொலர் தண்டப்பணமுமாக முடிந்தது. வேலைநிறுத்தஞ் செய்த ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் நூறு டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இக்கணக்கு நம் சிந்தனைக்குரியது. ஊனமுற்ற மனிதரொருவரை உதைத்தவருக்கு ஐம்பது டொலர். ஆட்டத்தை நிறுத்தியவருக்கு நூறு டொலர். மனிதனுக்கு இழைக்கப்பட்ட தீங்கைவிட, வியாபாரத்துக்கு இழைக்கப்பட்ட இடையூறே பாரதூரமானதென லீக் கருதியதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. கொப்பின் செயல் மன்னிக்கத்தக்கதன்று. எனினும் விசாரணை எங்கே என்று அவருடைய தோழர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானதே.

இரண்டாவது நிகழ்ச்சி இங்கிலாந்திற்குரியது. 1995 ஜனவரி 25இல் இலண்டனின் செல்ஹேஸ்ற் பாக் மைதானத்தில், மன்செஸ்ரர் யுனைற்றெட் அணியின் பிரெஞ்சு வீரர் எரிக் கன்ரோனா, எதிரணி வீரரை உதைத்தமைக்காக மத்தியஸ்தரால் வெளியேற்றப்பட்டார். அவர் வெளியேறுகையில், தம் இருக்கையை விட்டு முன்வரிசைவரை இறங்கிவந்து தம்மை ஏசிய கிறிஸ்ரல் பலஸ் ஆதரவாளர் ஒருவரைத் தடுப்புக்கு மேலாகப் பாய்ந்து உதைத்தார். பின் கையாலுங் குத்தினார். கழகம் அவரை அப்பருவம் முடியும்வரை நிறுத்திவைத்து 20,000 பவுண் தண்டம் விதித்தது. உதைபந்தாட்டச் சங்கம் அத்தடையைச் செப்டெம்பர் 30வரை நீடித்து, மேலும் 10,000 பவுண் தண்டம் விதித்தது. அத்தடை உலகெங்கணும் செல்லுபடியாக்கப்பட்டது. அவர் பிரான்சின் தேசிய அணித் தலைமையையும் இழந்தார்; அவ்வணிக்காக அதன்பின் ஆடவேயில்லை.

இவற்றுக்குப் புறம்பாக நாட்டின் நீதிமன்றமும் அவரை விசாரித்தது. நீதவான் நீதிமன்றம் மார்ச் 23இல் அவருக்கு இரண்டு வாரச் சிறைத்தண்டனை விதித்தது. இளைஞர் பலர் பின்பற்றும் புகழாளர் என்பது அத்தண்டனைக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஒரு வாரத்தின்பின் மேன்முறையீட்டைக் கேட்ட குறொய்டன் நீதிமன்றம், சிறையை நீக்கி 120 மணித்தியாலச் சமூகசேவையை விதித்தது. குற்றவாளியின் அந்தஸ்து யாதாயினும், அவர் செய்த குற்றத்தின் பாரத்துக்கேற்பவே தண்டிக்கப்படவேண்டும். பிரபலமானவர் என்பதற்காக அவரை ஓர் உதாரணமாக்குதல் தகாது என்பதே மேன்முறையீட்டு நீதிபதியின் கருத்தாகும். நம் பொருளின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஒரே செயலை இரு நீதிமன்றங்கள் இரு வகையாக நோக்கின. ஒன்று புகழைத் தண்டித்தது. மற்றது செயலைத் தண்டித்தது.

ஏசியவரின் நிலை என்னவாயிற்று? அச்சுறுத்தும் சொற்களையும் நடத்தையையும் மேற்கொண்டாரென 1996இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு 500 பவுண் தண்டம் விதிக்கப்பட்டார். தீர்ப்பைக் கேட்டதும் வழக்குத்தொடுத்த சட்டத்தரணிமீதே அவர் பாய்ந்தமையால், நீதிமன்றத்தை அவமதித்த குற்றத்துக்கு ஏழு நாட் சிறையும் பெற்றார். இதனால் கன்ரோனாவின் செயல் நியாயமாகிவிடாது. ஆயின் இருதரப்பையும் விசாரித்த ஒரேயோர் இடம் பொது நீதிமன்றமே என்பது புலனாகின்றது. விளையாட்டு நிறுவனங்களின் அதிகாரம் தம் ஆட்டக்காரர்மீதே முழுமையாகச் செல்கிறது. அதனால் அவற்றின் நீதி இயல்பாகவே ஒரு கண்ணை மூடிக்கொண்ட நீதியாகிவிடுகிறது.

மூன்றாவது நிகழ்ச்சி 2004 நவம்பர் 19இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இந்தியானா பேசர்ஸ், டெற்றோயிற் பிஸ்ரன்ஸ் என்னும் கூடைப்பந்தாட்ட அணிகளிடையே நடந்த ஆட்டத்தில் இடம்பெற்றது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளையில் வீரரிடையே கைகலப்பு மூண்டது. அது தணியுந் தறுவாயில் இந்தியானா வீரர் றொன் ஆட்டெஸ்ற் புள்ளி பதிவோரின் மேசைமீது படுத்திருந்தார். பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட பானக் குவளையொன்று அவர்மேல் விழுந்தது. அவர் உடனே இருக்கைகளுக்கிடையே பாய்ந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டார். பிடிபட்டவரோ குவளையை எறிந்தவர் அல்லர்.

அந்தத் தவறான மனிதர்தாம் இவ்விடயத்தின் மிகவலுவான சாட்சி. பார்வையாளர் பகுதிக்குள் நுழையும் ஆட்டக்காரர், தாமே முறைப்பாட்டாளராகவும் தாமே நீதிபதியாகவும் தாமே தண்டனையை நிறைவேற்றுபவராகவும் ஆகிவிடுகிறார். சினத்துக்கு விசாரிக்கும் பொறுமை கிடையாது. பயிற்றப்பட்ட உடல்வலிமையுடன் அச்சினம் சேரும்போது குற்றமற்றவரும் பலியாவர். ஆட்டக்காரரைத் தண்டிக்கவேண்டும் என்பதற்கான மெய்யான காரணம் இதுவேயன்றி, அவர் விளையாட்டின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்பதன்று.

ஆட்டெஸ்றைத் தண்டித்தவர்கள் நடந்துகொண்ட முறை என்ன? தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் ஆணையாளர் டேவிட் ஸ்ரேண், இரண்டு நாட்களுள் ஒன்பது வீரருக்குத் தண்டனை அறிவித்தார். ஆட்டெஸ்ற் அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் யாவற்றையும் இழந்தார்; இறுதிச்சுற்று ஆட்டங்களுஞ் சேர அவை 86 ஆயின. இழந்த சம்பளம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டொலர். முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டதென வினவப்பட்டபோது, அது ஒன்றுக்குப் பூச்சியம் என்ற வாக்கில் ஏகமனதாக எடுக்கப்பட்டதென ஆணையாளர் விடையிறுத்தார். கேட்டோர் அதை நகைச்சுவையாகக் கொண்டிருக்கலாம். ஆயின் முறைப்பாட்டாளரும் நீதிபதியும் தண்டிப்பவரும் ஒருவராகவே இருத்தல் என்னும் அதே குறை, இங்கே மேலங்கி அணிந்து நிற்பதை நாம் காணாதிருக்கமுடியாது.

ஆடுகளத்தில் நிகழும் நடத்தை பற்றிய தண்டனைக்கு ஆணையாளரிடமே மேன்முறையீடு செய்யவேண்டுமென்பது அன்றைய கூட்டு உடன்படிக்கையின் ஏற்பாடு. பார்வையாளருடன் நிகழ்ந்த மோதல் அவ்வரையறைக்குள் அடங்காதென வீரர்களின் தொழிற்சங்கம் வாதாடி, நடுத்தீர்ப்பாளரிடஞ் சென்றது. அவர் அவ்வாதத்தை ஏற்று வழக்கைக் கேட்டார். ஜேர்மெயின் ஓனீல் என்பாரின் தண்டனையை 25 ஆட்டங்களிலிருந்து 15ஆகக் குறைத்தார். ஆட்டெஸ்றின் தண்டனையை உள்ளவாறே உறுதிசெய்தார். அவரது அதிகாரத்தைச் சமஷ்டி நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சுதந்திரமான ஒருவர் மீளாய்வதால் தண்டனை பலவீனமடைந்துவிடும் என்ற அச்சம் வீணானதென்பதற்கு இது சான்று. நியாயமானது நிலைத்தது, மிகையானது மட்டுமே குறைந்தது.

இதே செயலுக்காக மிச்சிகன் நீதிமன்றத்தில் ஆட்டெஸ்ற் பெற்றது ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகசேவையும் 250 டொலர் தண்டமும் ஆகும். 250 டொலருக்கும் ஐம்பது இலட்சம் டொலருக்கும் இடையிலுள்ள தூரத்தை எதனால் விளக்குவது? தீங்கின் அளவால் விளக்கமுடியாது. தொழில்முறை விளையாட்டில் ஆட்டக்காரரின் உழைப்பு ஒரு பண்டம். பார்வையாளர் அதன் நுகர்வோர். நுகர்வோர் அஞ்சி விலகிவிடுவாராயின் பண்டத்தின் விலை வீழும். அவ்வீழ்ச்சியைத் தடுப்பதற்கான செலவு ஆட்டக்காரரின் கணக்கில் எழுதப்படுகிறது.

இங்கு மூன்றாவது தரப்பொன்று கண்ணுக்குப் புலப்படாது நிற்கிறது. நுழைவுச்சீட்டை விற்பதும் மதுவை விற்பதும் ஆட்டக்காரருக்கு எட்டும் தூரத்தில் இருக்கைகளை அமைத்து அவற்றுக்கு உயர்ந்த விலை கூறுவதும் நிறுவனமே. 2005 பெப்ரவரியில் அச்சங்கம் மதுக்குவளையின் அளவை மட்டுப்படுத்தி, ஆட்டத்தின் நான்காங் கட்டத்தில் மதுவிற்பனையைத் தடைசெய்தது. குற்றம் மீண்டும் நிகழாமை என்னும் நோக்கத்துக்கு உண்மையாகவே பணிசெய்த ஏற்பாடுகளுள் இது முக்கியமானது. காரணத்தின் ஒரு பகுதி தன் வியாபாரத்திலேயே உள்ளதென நிறுவனம் அறிந்திருந்ததை இது காட்டுகிறது.

அளவுகோலின்மையைப் பிற நிகழ்ச்சிகளும் உறுதிப்படுத்துகின்றன. 1997 செப்டெம்பரில் ரொறன்ரோவில் தம்மை ஒலிபெருக்கியிற் கேலிசெய்த ஒருவரை நோக்கித் துடுப்புடன் பார்வையாளர் பகுதிக்குட் சென்ற பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் இன்சமாம் உல் ஹக்கிற்கு இரண்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் தம் சொந்த அணியான மார்செய்யின் ஆதரவாளர் ஒருவரை உதைத்த பற்றிஸ் எவ்றா, அடுத்த ஆண்டு ஜூன்வரை ஐரோப்பியப் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டார். கழகமும் அவருடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2020 மார்ச்சில் ஆசனங்களைத் தாண்டி ஒருவரை நோக்கிச் சென்ற ரொட்டன்ஹாம் வீரர் எரிக் டையர் எவரையும் அடிக்கவில்லை. அவருக்கு நான்கு ஆட்டத் தடையும் 40,000 பவுண் தண்டமும் விதிக்கப்பட்டன. குற்றத்துக்கு ஒத்த தண்டனை என்னும் நெறியை இவ்வரிசையில் எவராலுங் கண்டுகொள்ள இயலாது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். வாடிக்கையாளரை அடித்த ஊழியரை எந்த முதலாளியும் வேலையில் வைத்திருக்கமாட்டார். விளையாட்டுக் கழகத்திடம் மட்டும் வேறு நீதியை எதிர்பார்ப்பதேன்? இவ்வாதம் வலுவானது, நிறுவன ஒழுக்காற்றை முற்றாக நிராகரித்தல் இயலாது. ஆயின் நம் நாட்டில் நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் ஊழியர் தொழில் நியாயசபையை நாடலாம். முதலாளியின் சொல்லே அங்கு முடிந்த முடிபன்று. ஆட்டக்காரரும் உழைப்பாளரே, அவருடைய வருமானம் பெரிதென்பதால் அவ்வுரிமை சிறுத்துவிடாது. மேலும் அவரது தொழிலாயுள் மிகக் குறுகியது. ஒரு பருவத்தின் இழப்பு அவருக்கு மீளப்பெற முடியாத இழப்பாகும்.

ஆகவே, பார்வையாளரைத் தாக்கிய ஆட்டக்காரரைத் தண்டிக்கும் முதன்மை உரிமை பொது நீதிக்கே உரியது. அங்குதான் ஏசியவரும் அடித்தவரும் ஒரே கூண்டின்முன் நிற்கின்றனர். நிறுவனம் தன்பங்கிற்குத் தண்டிக்குமாயின், அதன் விதி முன்கூட்டியே அறியப்பட்டதாகவும், அதன் தீர்ப்பு சுதந்திரமான ஒருவரின் மீளாய்வுக்கு உட்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். வலிமையுள்ளவர் விசாரணையின்றித் தாமே தண்டித்தார் என்பதே ஆட்டக்காரரின் குற்றம். அவரைத் தண்டிக்கும் நிறுவனம் அவரினும் வலிமை மிக்கது. அதுவும் அவ்வாறே செய்யுமாயின், குற்றம் களைய

ப்படுவதில்லை, கைமாறுகிறது.