செல்வர்மீது வரி: ஒரு விமர்சன நோக்கு

செல்வர்மீது விதிக்கப்படும் வரி ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வளர்க்குமா, தளர்த்துமா என்பது பொருளியலாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வாதமாகும். வரி கூடினால் சேமிப்புக் குன்றும். சேமிப்புக் குன்றினால் முதலீடு அருகும். முதலீடு அருகினால் தொழில்வாய்ப்பும் அற்றுப்போகும் என்பர் ஒரு சாரார். செல்வம் சிலர் கையிற் குவிந்து கிடப்பதே வளர்ச்சிக்குத் தடை. அதன் ஒரு பகுதியை வரியாகப் பெற்றுக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவிடுதலே வழி என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றுகளையும் ஏட்டளவில் எடைபோடுவதினும், எமது நாட்டின் அனுபவத்தையே உரைகல்லாகக் கொள்ளுதல் பொருத்தமுடையது.

மறுசாராரின் கூற்றினை முதலில் நோக்குவோம். 1958இல் இலங்கைக்கு வருகைதந்த கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கொலஸ் கால்டோரின் ஆலோசனையைத் தழுவி, 1959இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் செலவு வரி, செல்வ வரி, நன்கொடை வரி என்பவற்றை அறிமுகஞ்செய்தது. ஒருவர் ஈட்டுவதன்மீதன்றி நுகர்வதன்மீதே வரி விதித்தல் வேண்டும் என்பது செலவு வரியின் அடிப்படை. சேமிப்பவனை விடுத்து ஆடம்பரமாய்ச் செலவிடுபவனையே அது நாடியது. ஆதலின் முதற்சாராரின் அச்சத்துக்கும் அதில் விடை இருந்தது. ஆயினும் ஒருவரின் செலவு முழுவதையும் கணக்கிட்டுச் சரிபார்த்தல் எளிதன்று. சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட அவ்வரி, 1976இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு 1977இல் நீக்கப்பட்டது. கொள்கையளவிற் சிறந்த வரியும், அறவிடும் ஆற்றல் இல்லாதவிடத்துச் சட்டப் புத்தகத்தில் மட்டுமே வாழும் என்பதற்கு இதுவே சான்று.

முதற்சாராரின் கூற்றோ 2019இன் இறுதியிலே பரீட்சிக்கப்பட்டது. வருமான வரியின் உச்ச வீதம் 24இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாவாக இருந்த வரி விலக்கு எல்லை 30 இலட்சமாயிற்று. பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. மக்கள் கையிற் பணம் மிஞ்சும், முதலீடு பெருகும், அதனால் அரசிறையும் ஈற்றில் உயரும் என்பது எதிர்பார்ப்பு. நிகழ்ந்தது வேறு. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேலிருந்த வரி வருமானம், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 8 வீதமாக வீழ்ந்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை அரசு நிறுத்தியது.

இவ்வீழ்ச்சி முழுவதையும் வரிக்குறைப்பின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. கொரோனாத் தொற்று, உல்லாசப் பயணத்துறையின் முடக்கம், முன்னரே குவிந்திருந்த கடன் ஆகியவையும் காரணங்களே. எனினும், செல்வரின் சுமையை இறக்கினால் வளர்ச்சி தானே வந்துசேரும் என்ற வாதத்துக்கு இவ்வனுபவம் ஆதரவு தரவில்லை என்பது தெளிவு.

இறக்கிய சுமை பின்னர் எவர் தோளில் ஏறியது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. 2022 செப்ரெம்பரிற் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. வருமான வரியின் உச்ச வீதம் 2023இல் 36ஆக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் பெறுமதி சேர் வரியும் படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. நேரில் வரிக்கு வறியவர், செல்வர் என்ற பேதம் தெரியாது. தோட்டத் தொழிலாளியும் மாளிகைவாசியும் ஒரு சவர்க்காரக் கட்டிக்குச் செலுத்துவது ஒரே வரிதான். அதன் பாரமோ ஒன்றன்று.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையான புறநானூற்று 184ஆம் செய்யுளை வரிக்கு எதிரான குரலாகக் கொள்வாருமுளர். அது பொருந்தாது. யானைக்கு உணவு வேண்டும் என்பதைப் புலவர் மறுக்கவில்லை. அறுத்துக் கவளமாக ஊட்டுவதா, வயலுக்குள் யானையையே புகவிடுவதா என்பதே அவர் எழுப்பும் பிரச்சினை. அரசுக்கு வருவாய் இன்றியமையாதது. அது வசதி படைத்தோரிடம் அளவறிந்து பெறப்படாவிடின், விலைவாசி என்னும் உருவில் ஏழையின் வயலுக்குள்ளேயே புகும்.

ஆகவே, செல்வர்மீது வரி நன்மையா தீமையா எனப் பொதுப்பட வினவுதல் பயன்தராது. விதித்த வரி முறையாக அறவிடப்படுகிறதா, அறவிடப்படாத பங்கினை எவர் செலுத்துகின்றனர் என்பனவே உரிய வினாக்கள். விலக்குகளைச் சுருக்கி, இறைவரி நிருவாகத்தைச் செம்மைப்படுத்தாத எந்த அரசும், வீதத்தை உயர்த்தினும் தாழ்த்தினும், ஈற்றில் எளியவரிடமே கையேந்தி நிற்கும்.