பொத்தானும் ஓடையும்

தமிழ் வலைப்பதிவுகள் செழித்த காலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அங்கே எழுதியவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். எழுதியதை வாசகரிடம் சேர்த்த கருவிகளைப் பற்றிய பேச்சு அரிது. எழுதுவதற்கு இருந்த தடைகள் சீக்கிரமே விலகிவிட்டன. 1999இல் பிளாக்கரும் 2003இல் வேர்ட்பிரஸும் வந்தபின் இணையதளம் நடத்த நிரல் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. எழுத்துருச் சிக்கலை யுனிகோடும் எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களும் தீர்த்தன. எஞ்சிய கேள்வி ஒன்றுதான்: எழுதியதைத் தேடி யார், எந்த வழியாக வருவார்? இதற்கு இதுவரை கிடைத்த விடைகளை அடுக்கிப் பார்த்தால், பதிவை வேகமாகப் பரப்பிய கருவிகள் வாசகரை நிலைக்க வைக்கவில்லை என்பதும், வாசகர் தாமாகத் திரும்பிவர வழி திறந்துவைத்த எளிய நெறிமுறைகளே தாக்குப்பிடித்தன என்பதும் தெரியும்.

அந்த நெறிமுறைகளில் முதன்மையானது செய்தியோடை. 1999இல் நெட்ஸ்கேப் தொடங்கிவைத்த ஆர்.எஸ்.எஸ்., 2002இல் அதன் 2.0 வடிவம், 2005இல் தரப்படுத்தப்பட்ட ஆட்டம் ஆகிய மூன்றும் செய்வது ஒரே வேலை. தலைப்பு, சுட்டி, தேதி, உள்ளடக்கம் ஆகியவற்றை ஒழுங்கான வடிவில் ஒரு கோப்பில் வைத்துவிடுகின்றன. எந்த மென்பொருளும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதை எடுத்துப் படிக்கலாம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி இந்த ஓடைகளின் மேல்தான் நின்றது. கோவையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களின் புதிய இடுகைகள் ஒரே முகப்பில் தெரிந்தன. மறுமொழி விழுந்த பழைய இடுகைகளும் மேலே வந்தன. தேன்கூடு, தமிழிஷ் போன்ற திரட்டிகள் பின்னால் வந்தன. ஆனால் முகப்பில் இடம் என்பதே ஓர் அதிகாரமாகவும் மாறியது. மேலே நிற்பதற்காக மறுமொழிகளைக் குவித்துக் கும்மியடித்தார்கள். பின்னூட்டக் கயமை என்ற வசையே புழக்கத்துக்கு வந்தது. வாசகருக்காக எழுதியவர்களில் சிலர் திரட்டிக்காகத் தலைப்பு வைக்கத் தொடங்கினார்கள்.

பகிர்வுப் பொத்தான்கள் இந்தப் போக்கைப் பன்மடங்காக்கின. 2006இல் ஆட்திஸ் என்ற பகிர்வுச் சேவை, 2010இல் வெளித்தளங்களுக்கான ஃபேஸ்புக் விருப்பப் பொத்தான் என்று ஒவ்வொரு இடுகையின் அடியிலும் சின்னங்கள் வரிசைகட்டின. பிரிட்டன் அரசின் இணையதளம் 2014இல் இவற்றை அளந்தபோது, ஆயிரம் பார்வைகளுக்கு ஏறத்தாழ இரண்டு சொடுக்குகளே விழுந்திருந்தன. அரசுத் தகவலைப் பகிர்வோர் குறைவுதான் என்று வைத்துக்கொண்டாலும் அந்த விகிதம் மிகச் சிறியது. பகிர விரும்பியவர் முகவரியை நகலெடுத்துப் பகிர்ந்துகொள்வார். அவருக்குப் பொத்தான் தேவைப்படவில்லை. பின்பு நிறுவனங்களே கையை எடுத்துக்கொண்டன. ட்விட்டர் 2015இல் பகிர்வு எண்ணிக்கையைக் காட்டுவதை நிறுத்தியது. 2018இல் ஃபேஸ்புக் தன் ஊட்டத்தில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்து பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஆட்திஸ் 2023இல் மூடப்பட்டது. முகவரிக்கும் இதே கதிதான். பிளாக்கர் இந்திய வாசகர்களைத் திருப்பிவிட்ட பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயர் 2020இல் கூகுளின் கையைவிட்டுப் போனபோது, அதைக் கொண்டு கொடுத்த சுட்டிகளெல்லாம் செத்தன. பதிவுகளோ பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரியில் பத்திரமாகவே இருந்தன.

திறந்த வழிக் கருவிகளும் மடிந்தனவே என்று கேட்கலாம். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது, ஓடைகளை மின்னஞ்சலிலும் அனுப்பிவந்த ஃபீட்பர்னர் 2021இல் மின்னஞ்சல் சேவையைக் கைவிட்டது, தமிழ்மணமும் ஓய்ந்துவிட்டது. உண்மைதான். ஆனால் மடிந்தவை சேவைகள், நெறிமுறை மடியவில்லை. ரீடரின் வாசகர்களால் தங்கள் சந்தாப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு ஃபீட்லி போன்றவற்றுக்குக் குடிபெயர முடிந்தது. மின்னஞ்சல் பட்டியலையும் அப்படி எடுத்துச் செல்லலாம். ஃபேஸ்புக்கில் பின்தொடர்ந்தவர்களை அப்படி அழைத்துச் செல்ல வழியில்லை. ஓடையென்றாலே என்னவென்று தெரியாதவர்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகளும் பெரும்பாலும் ஆர்.எஸ்.எஸ். வழியாகவே வந்து சேர்கின்றன.

தமிழ் வாசகர் இன்று வாட்ஸப்பில் இருக்கிறார், அங்கேதான் போக வேண்டும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. போகத்தான் வேண்டும், எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் வேறுபாடு. முழுக் கட்டுரையையும் ஒட்டி அனுப்பினால் நான்காவது கையில் எழுதியவர் பெயர் உதிர்ந்துவிடும்; பின்னால் செய்த திருத்தம் எவரையும் எட்டாது. நான்கு வரியும் நிலையான சுட்டியும் அனுப்பினால் அந்தச் சேதம் பெரிதும் குறையும். ஆகவே எழுதுபவர் தம் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டிய வரிசை தெளிவு: முதலில் சொந்த முகவரி, அடுத்து பார்வை எண்ணிக்கைக்காக நறுக்கப்படாத முழு ஓடை, மின்னஞ்சல் சந்தா, பழைய இடுகைகளைத் தேடி எடுக்கும்படியான பட்டியல். பொத்தான்கள் கடைசியில் வரலாம். வராமலே போனாலும் வாசகருக்கு நட்டமில்லை.