டாங்கோ நடனத்தின் சமூக அடித்தளம்

டாங்கோ நடனத்தை இலத்தீன் அமெரிக்கரின் பிறவிக் குணமான காமவேட்கையின் வெளிப்பாடாகக் காண்போர் பலர். கலைவடிவமொன்றை இனவியல்பாகக் கொள்ளும் இந்நோக்கு, அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளை மறைத்துவிடுகின்றது. டாங்கோவின் தோற்றத்தையும் நிலைபேற்றையும் வரலாற்று அடிப்படையில் நோக்குவதே பொருத்தமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலா பிளாட்டா ஆற்றின் இருமருங்கிலுமுள்ள புவெனஸ் அயர்ஸ், மொன்டிவீடியோ ஆகிய துறைமுக நகரங்களில் இந்நடனம் உருப்பெற்றது. அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் பேணிய கந்தோம்பே, அப்பிரதேசத்து மிலோங்கா, கியூபாவிலிருந்து பரவிய ஹபனேரா என்பன அதிற் கலந்தன. இத்தாலியிலும் ஸ்பெயினிலுமிருந்து பிழைப்புத்தேடி வந்தோர் நகரை நிறைத்தனர். 1914ஆம் ஆண்டளவில் புவெனஸ் அயர்ஸ் மக்களில் ஏறத்தாழ அரைவாசியினர் பிறநாடுகளிற் பிறந்தோராவர். முற்றமொன்றைச் சூழ்ந்த சிற்றறைகளிற் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளே அவர்களுட் பலரின் புகலிடமாயின. ஜெர்மனியில் உருவான பண்டோனியன் என்னும் துருத்தி வாத்தியம், ஊரிழந்தோரின் ஏக்கக் குரலாக இந்நடன இசையில் நிலைபெற்றது.

ஆர்ஜென்டீன மேட்டுக்குடியினர் இதனை இழிசனர் ஆட்டமென ஒதுக்கினர். ஆயின் 1913ஆம் ஆண்டளவில் பாரிஸ், இலண்டன் நகரங்களில் டாங்கோ மோகம் பரவியதும் அவர்களின் வரவேற்பறைகளும் அதற்குத் திறந்தன. சொந்த மக்களின் கலையை ஐரோப்பாவின் அங்கீகாரம் பெற்ற பின்னரே ஏற்கும் மனோபாவம் இங்கு நன்கு புலனாகின்றது. அந்த ஏற்பும் முழுமையானதன்று. அடிகள் வரையறுக்கப்பட்டு ஆட்டம் 'நாகரிகப்படுத்தப்பட்டது'. ஆபிரிக்க வழியினரின் பங்கு நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினர், பாடல்களிற் பயின்ற லுன்பார்டோ என்னும் அடிநிலை மக்கள் வழக்கினை வானொலியிற் கட்டுப்படுத்தினர். நடனத்தை ஏற்றவர்களும் அம்மக்களின் மொழிக்கு அஞ்சினர்.

எனினும் டாங்கோ மறையவில்லை. அதற்கான காரணம் அதன் வடிவத்திலேயே உள்ளது. மேடைக்கு வெளியே ஆடப்படும் டாங்கோ முன்கூட்டியே அமைக்கப்பட்டதன்று. நடையே அதன் அடிப்படை. அணைப்பில் உணரப்படும் உடலசைவைக் கொண்டு, அடுத்த அடியை இருவரும் அவ்வப்போதே ஆக்கிக்கொள்கின்றனர். முன்பின் அறியாத இருவர், சொல்லின்றிச் சில நிமிடங்கள் ஒருவரையொருவர் கவனித்து இயங்குதல் இதனாற் சாத்தியமாகின்றது. அந்நியர் நிறைந்த நகரத்தின் தேவையிலிருந்து பிறந்த இவ்வடிவம், தனிமை மிக்க பிற நகரங்களிலும் வேரூன்றியமை வியப்பன்று.

ஆண் வழிநடத்தப் பெண் பின்தொடரும் மரபு ஆணாதிக்கச் சமூகத்தின் முத்திரை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், இன்று இருவரும் அப்பாத்திரங்களை மாற்றி ஆடும் அரங்குகள் பல நாடுகளிலும் உள்ளன. அணைப்பு நிலைக்க, ஆதிக்கம் நீங்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ டாங்கோவை மானிடத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆபிரிக்க வழியினரின் பங்கும் அப்போது குறிக்கப்பட்டது. கலையைப் போற்றுவோர் அதனை ஆக்கிய மக்களையும் போற்றுகின்றனரா என்பதே எஞ்சிநிற்கும் வினாவாகும்.